ஒரு விடைத்தாளும் ஐந்து கட்டைச் சுருதியும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. காபி போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிக்கவும்.

இரண்டு மாதமாகத் தொண்டை கட்டிக்கொண்டே இருந்தது. மகள் விடவில்லை, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "குரல்நாண்ல காய்ப்பு இருக்கு சார். வாத்தியார்களுக்கு வர்றதுதான். சத்தம் போடும்போது குரல் மேல ஏறுது இல்லையா, நாண் ரெண்டும் வேகவேகமா மோதி மோதிக் காய்ச்சுப் போகுது" என்றார். "சத்தம் போட்டா குரல் மேல ஏறத்தானே சார் செய்யும்" என்று சொல்ல வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். ஏறக்குறைய இதையே எழுதிய ஒரு பையனுக்கு நான் சுழி போட்டிருக்கிறேன்.

1986, ஒன்பதாம் வகுப்பு, அரையாண்டுத் தேர்வு. செய்யாறு பக்கம் நான் வேலை பார்த்த காலம். கேள்வி: "சுருதி, உரப்பு – வேறுபடுத்துக." எனக்கு வேண்டிய விடை எல்லோருக்கும் தெரியும். சுருதி அதிர்வெண்ணைப் பொறுத்தது, உரப்பு வீச்சைப் பொறுத்தது, ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் பையன் முதல் இரண்டு வரியைச் சரியாக எழுதிவிட்டு, கீழே இப்படி எழுதியிருந்தான்: "கூத்தில் சத்தம் வேண்டும் என்றால் சுருதியை ஏற்ற வேண்டும். ஆகையால் இரண்டும் ஒன்றுதான்." சிவப்பு மையில் முழுவதையும் அடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் எழுந்து நிற்க வைத்து அதைப் படிக்கச் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவன் அப்பா கூத்தாடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அது கூடுதலாகச் சிரிப்பாக இருந்தது என்பதையும் இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அவன் பெயரைப் போடவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களில் அவனும் ஒருவன்.

டாக்டர் ஒரு மாதம் பேசாதே என்று சொல்லிவிட்டதால் படிக்க நிறைய நேரம் கிடைத்தது. படிக்கப் படிக்க, அவன் எழுதியதில் பாதி தப்பு, பாதி சரி என்று தெரிந்தது. சரியான பாதி எங்கள் பாடப்புத்தகத்தில் இல்லாத பாதி.

பாடப்புத்தகம் சொல்வது இசைக்கவைக்குப் பொருந்தும். மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் அதே சுருதிதான் வரும். ஆர்மோனியத்திலும் ஏறக்குறைய அப்படியே. துருத்தியை வேகமாக அழுத்தினால் சத்தம் கூடுமே தவிர, ச என்பது ரி ஆகிவிடாது. மனிதத் தொண்டை அப்படிப்பட்ட கருவி இல்லை. நம்முடைய துருத்தி நுரையீரல். சாதாரணமாகப் பேசும்போது குரல்நாண்களுக்குக் கீழே இருக்கும் காற்றழுத்தம் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் அளவுதான். சத்தம் போட வேண்டும் என்றால் இந்த அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் நாண்கள் அதிகமாக அகன்று விரிகின்றன. விரிகிற நாண் இழுபடுகிறது, இழுபட்ட நாண் வேகமாகத் துடிக்கிறது. வீணைத் தந்தியை இழுத்தால் சுருதி ஏறுவது மாதிரிதான். ஆகவே உரப்பைக் கூட்டப் போனால் சுருதி தானாகவே கூட வரும். அதை ஏறவிடாமல் பிடித்து வைப்பதற்குத்தான் பயிற்சி வேண்டும்.

நம்பாதவர்கள் வீட்டில் யாரும் இல்லாதபோது ஒன்று செய்து பாருங்கள். உங்களால் முடிந்த மிகத் தாழ்ந்த குரலில் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி "டேய்" என்று கூப்பிடுங்கள். முடியாது. சத்தம் வர வேண்டும் என்றால் குரல் மேலே தாவிவிடும்.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன். மைக் என்ற ஒன்று இல்லாத காலத்தில் ஒரு மனிதன் எத்தனை பேருக்குக் கேட்கும்படி பேச முடியும்? இதை அளந்து பார்த்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின், நாம் இடிதாங்கிப் பாடத்தில் படித்தவர்தான். 1739-ல் ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டு என்ற பிரசங்கியார் பிலடெல்பியாவில் திறந்தவெளியில் பேசினார். பிராங்க்ளின் கூட்டத்தின் கடைசியில் இருந்து தெருவிலே பின்னால் பின்னால் நடந்துகொண்டே போய், பேச்சு எதுவரை புரிகிறது என்று பார்த்தார். அந்தத் தூரத்தை ஆரமாக வைத்து அரைவட்டம் போட்டு, ஆளுக்கு இரண்டு சதுர அடி என்று வகுத்து, முப்பதாயிரம் பேருக்கு மேல் கேட்கலாம் என்று கணக்குச் சொன்னார். எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்கிற புத்தி! ஆனால் அந்தக் கணக்கு அமைதியான கூட்டத்துக்கும் அசாதாரணமான தொண்டைக்கும்தான் பொருந்தும். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 60 டெசிபலாக இருக்கிற சாதாரணப் பேச்சு 32 மீட்டர் போவதற்குள் 30 டெசிபல் ஆகிவிடும். கிசுகிசுப்பு அளவுதான். குழந்தை அழுதால் போதும், ஒன்றும் கேட்காது.

நம் ஊரில் குழந்தை மட்டுமா அழும்? திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து நடக்கிற திடலை நினைத்துப் பாருங்கள். கடலை விற்கிறவன், சண்டை போடுகிறவன், தூங்கி விழுகிறவன் எல்லோருக்கும் நடுவிலே, திரைக்குப் பின்னால் நின்று வேஷக்காரர் தன் வருகையைப் பாடுகிறார். தலையில் கிரீடம், தோளில் புஜகீர்த்தி, அத்தனை கனத்தையும் சுமந்துகொண்டு. பக்கத்தில் முகவீணை. அந்தச் சின்னக் குழலே கீச்சென்று மேல் சுருதியில் அலறும். அதற்கு ஈடாகத் தொண்டை போக வேண்டும். கூத்துச் சுருதி உயரமாக இருப்பதை அந்த வயதில் நான் நாகரிகக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது திடலின் கணக்கு என்று இப்போதுதான் புரிகிறது.

மேடை நாடகத்திலும் அதே கணக்குதான். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் பையன்களை வைத்து பால சபை ஒன்றைத் தொடங்கினார். பையன்களை எடுத்ததற்கு ஒழுக்கம், கட்டுப்பாடு என்று பல காரணம் சொல்வார்கள். குரலும் அதற்கு வாகாக இருந்தது. பத்து வயதுப் பையனுக்கும் பெண்ணுக்கும் குரல் ஏறக்குறைய ஒரே உயரம். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இருவரும் ஒரே ஆர்மோனியச் சுருதியில் நின்று தர்க்கப் பாட்டுப் பாடலாம். கொட்டகைக் கடைசி வரைக்கும் கேட்கும். ஆபத்து ஒன்றுதான், மகரக்கட்டு. பதின்மூன்று பதினாலு வயதில் நாண் நீண்டு தடித்துக் குரல் உடைந்து, ஒரு ஸ்தாயி அளவுக்குக் கீழே இறங்கிவிடும். நேற்றுவரை நாயகனாக இருந்த பையன் இன்றைக்குச் சேவகன் வேஷத்துக்குப் போவான். மேடையில் நடிப்பு எவ்வளவு இருந்தாலும், கேட்காத குரலுக்கு மதிப்பில்லை.

அந்த மேடையில் இருந்து வந்தவர்தான் செங்கோட்டை கிட்டப்பா. 1906-ல் பிறந்து, சிறு பிள்ளையாகவே நாடகத்துக்கு வந்தவர். வளர்ந்த பிறகும் ஐந்து கட்டைச் சுருதியை விடாமல் பாடியவர் என்று அவரைக் கேட்ட தலைமுறை சொல்லிச் சொல்லி மாயும். இசை தெரியாதவர்களுக்காக: ஒரு கட்டையில் பாடுகிற ஆணுக்கு ஆதார ஷட்ஜம் வினாடிக்கு ஏறக்குறைய 131 அதிர்வு. ஐந்து கட்டை என்றால் 196. மேல் ஷட்ஜம் 392. அதற்கும் மேலே பஞ்சமம் தொட்டால் 587. இன்றைக்குக் கச்சேரி செய்கிற ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டைக்குப் பக்கத்தில்தான் பாடுகிறார்கள். ஐந்து கட்டை பெண்களின் சுருதி. கே.பி. சுந்தராம்பாள் பக்கத்தில் நின்று பாடுவதற்கு அந்த உயரம் வேண்டும்.

என் பெரியப்பா பட்டணத்தில் மளிகைக் கடையில் வேலைக்கு இருந்தவர். வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடைக் கொட்டகைக்கு வெளியே, டிக்கெட் வாங்கக் காசில்லாமல், சுவரோரம் படுத்துக்கொண்டே கிட்டப்பாவைக் கேட்டதாகச் சொல்வார். "உள்ள இருக்கிறவன் காசு குடுத்துக் கேட்டான், நான் படுத்துக்கிட்டே கேட்டேன்" என்பார். பெரியப்பா எதையும் ஒரு பிடி கூட்டிச் சொல்கிறவர். ஆனால் இந்த விஷயத்தில் அவரை நம்புகிறேன். காரணம் கீழே.

பழைய இசைத்தட்டை யூடியூபில் போட்டு அளந்து பார்த்து "சார், அது ஐந்து கட்டை இல்லை, ஐந்தரை" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தக் காலத்துத் தட்டுகள் எல்லாம் சரியாக நிமிடத்துக்கு 78 சுற்றில் பதியப்பட்டவை அல்ல. சுழலும் வேகம் மாறினால் சுருதியும் மாறிவிடும்.

உயர்ந்த குரல் ஏன் தூரம் போகிறது? போகிற தூரம் காற்றைப் பொறுத்ததைவிட நம் காதைப் பொறுத்தது. இதை அளந்தவர்கள் அமெரிக்காவின் பெல் டெலிபோன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹார்வி பிளெட்சரும் வில்டன் மன்சனும். பிளெட்சர் வேறு யாரும் இல்லை, மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனையில் மாணவராக இருந்து பாதி வேலையைச் செய்தவர். நோபல் பரிசு வாத்தியாருக்குப் போனது, மாணவர் டெலிபோன் கம்பெனிக்குப் போனார். (வாத்தியார்கள் மாணவர்களுக்குச் செய்வது எல்லா ஊரிலும் இருக்கிறது.) அவரும் மன்சனும் ஆட்களின் காதில் ரிசீவரை மாட்டி, 1000 ஹெர்ட்ஸ் ஒலியையும் வேறு ஒரு ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து, எப்போது இரண்டும் ஒரே உரப்பாகத் தோன்றுகிறது என்று குறித்தார்கள். முடிவை 1933-ல் வெளியிட்டார்கள். மனிதக் காது எல்லாச் சுருதியையும் சமமாக நடத்துவதில்லை என்பது அந்த வளைகோடுகளில் தெளிவாகத் தெரிந்தது. 100 ஹெர்ட்ஸ் ஒலி லேசாகக் காதில் விழ வேண்டும் என்றால், 1000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 20 டெசிபலுக்கு மேல் கூடுதல் வலு வேண்டும். 20 டெசிபல் என்பது நூறு மடங்கு ஆற்றல். காது மிகக் கூர்மையாக இருப்பது 2000-த்துக்கும் 4000-த்துக்கும் இடையில். மேல்நிலை வகுப்பில் என்னிடம் படித்தவர்கள் கணக்கே போடலாம். காதுக் குழாய் ஒரு பக்கம் மூடிய ஆர்கன் குழாய், நீளம் ஏறக்குறைய 2.5 செ.மீ. ஒலியின் வேகம் 340 மீ. நான்கு மடங்கு நீளத்தால் வகுத்தால் 3400 ஹெர்ட்ஸ். அங்கே குழாயே ஒத்ததிர்ந்து ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது.

"சார், கிட்டப்பாவே பாடினாலும் 3400 போக முடியாதே" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. குரலில் ஒரே அதிர்வெண் மட்டும் இல்லை. 392 பாடினால் அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு என்று மேற்சுரங்கள் வரிசையாகச் சேர்ந்து வரும். மெதுவாகப் பேசும்போது மேலே போகப் போக அவை சட்டென்று தேய்ந்துவிடும். அழுத்திப் பாடும்போது நாண்கள் பட்டென்று மூடுகின்றன. மூடுவது எவ்வளவு சடக்கென்று இருக்கிறதோ அவ்வளவுக்கு மேற்சுரங்கள் வலுக்கும். ஆகச் சத்தம் போடுகிறவனின் குரல் அடிச்சுருதியிலும் ஏறுகிறது, அதைவிட அதிகமாக மேல் பகுதியிலும் நிரம்புகிறது. காது கூர்மையாக இருக்கிற இடமும் அதுவே. இன்னொரு வசதியும் சேர்ந்துகொள்கிறது. ஆகாரம் பாட வாயைத் திறக்கும்போது வாய்க்குழி 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் ஒத்ததிரும். 392-ன் இரு மடங்கு 784. மேல் ஷட்ஜத்தில் "ஆ" என்று நின்றால் வாயே ஒலிபெருக்கி ஆகிவிடும். பெரியப்பாவை நம்புகிறேன் என்றது இதனால்தான்.

தூரம் போவதற்கு இது ஒன்றே வழி என்று சொல்லவில்லை. ஐரோப்பாவில் ஓபரா பாடுகிற கனத்த குரல் ஆண்கள் தாழ்ந்த சுருதியிலேயே பெரிய வாத்தியக் குழுவைத் தாண்டிக் கேட்பார்கள். குரல்வளைக்கு மேலே இருக்கும் இடத்தை ஒருமாதிரி ஒடுக்கி, 3000 ஹெர்ட்ஸ் பக்கம் ஆற்றலைக் குவிக்கிறார்கள் என்று சுவீடன்காரர் யோஹான் சுண்ட்பெரி 1970-களில் விளக்கினார். நம்மவர்கள் சுருதியை ஏற்றினார்கள், அவர்கள் தொண்டையின் வடிவத்தை மாற்றினார்கள்.

1933-ஐப் பற்றி ஒரு வார்த்தை. பிளெட்சரும் மன்சனும் இதை வெளியிட்ட அதே வருஷம் டிசம்பரில் கிட்டப்பா இறந்துபோனார். வயது 27. தற்செயல்தான், ஆனால் அந்த வருஷத்தைப் படிக்கும்போது கொஞ்சம் நிறுத்தித்தான் மேலே படித்தேன்.

அதற்குள் மைக் வந்துவிட்டது. 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், ஜென்சன், பிரிதம் என்ற இருவர் தாங்கள் செய்த ஒலிபெருக்கியை சான்பிரான்சிஸ்கோவில் பெருங்கூட்டத்துக்கு முன் வைத்துக் காட்டினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மேக்னவாக்ஸ். லத்தீனில் பெருங்குரல் என்று பொருள். 1919 செப்டம்பரில் ஜனாதிபதி வில்சன் சான்டியாகோவில் அதன் வழியாகப் பேசினார். அப்போதே அவர் உடம்பு தளர்ந்திருந்தது. சில நாளில் நோய்வாய்ப்பட்டுப் பயணத்தையே நிறுத்திவிட்டார். அப்படிப்பட்ட ஒருவரின் பேச்சு விளையாட்டரங்கம் நிறைந்த கூட்டத்துக்குக் கேட்டது. ஒயிட்ஃபீல்டின் தொண்டை இனிமேல் யாருக்கும் தேவையில்லை என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

நம் ஊருக்கு அது மெல்லத்தான் வந்தது. 1931-ல் முதல் தமிழ்ப் பேசும்படம், 1938-ல் சென்னை வானொலி நிலையம், அதை ஒட்டிச் சபாக்களிலும் பொதுக்கூட்டங்களிலும் மைக். வந்த பிறகு குரல்கள் இறங்க ஆரம்பித்தன. பி.பி. ஸ்ரீனிவாஸின் குழைந்த குரல் ஒற்றைவாடைக் கொட்டகையில் மூன்றாவது வரிசையைத் தாண்டியிருக்காது. மைக் அவரை எல்லா வீட்டுக்கும் கொண்டுவந்து சேர்த்தது. அறிஞர் அண்ணாவின் கரகரத்த குரலை எடுத்துக்கொள்ளுங்கள். நாடகக் கம்பெனி வாத்தியார் கேட்டிருந்தால் பின்பாட்டுக்குக்கூடச் சேர்த்திருக்க மாட்டார். மைக் முன்னால் அந்தக் கரகரப்பே பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற நெருக்கத்தைக் கொடுத்தது. மறுபக்கம் சுந்தராம்பாள். 1965-ல் திருவிளையாடலில் ஔவையாராக வந்து பாடும்போதும் கடைசி வரிசைக்குப் பாடுகிற பழைய குரல்தான். மைக் பக்கத்தில் இருப்பதை அந்தத் தொண்டை கண்டுகொள்ளவே இல்லை. எனக்கு அது பிடிக்கும்.

மைக் வராத இடம் ஒன்று மிஞ்சியது, நம் வகுப்பறை. நான்கு வகுப்புக்கு நடுவில் ஆள் உயரத் தட்டி. பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் செய்யுள் சொல்லிக்கொடுப்பார். அவர் குரல் கேட்டு நான் ஏற்றுவேன். என்னைக் கேட்டு அந்தப்பக்கம் கணக்கு டீச்சர் ஏற்றுவார். இதை 1911-லேயே எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது டாக்டர் எழுதிவைத்திருக்கிறார். பேசிக்கொண்டிருப்பவனின் காதில் இரைச்சலை விட்டால், தனக்கே தெரியாமல் குரலை உயர்த்துவான். காது கேட்கவில்லை என்று பொய் சொல்கிறவர்களைப் பிடிக்க அவருக்கு அது உதவியது. உரப்போடு சுருதியும் ஏறும் என்று பின்னால் வந்தவர்கள் அளந்தார்கள். "சார் எப்பவும் கோபமா இருப்பீங்க" என்று போன வருஷம் சந்திப்பில் ஒருத்தி சொன்னாளே, அம்மா, பாதி நாள் அது கோபம் இல்லை. செய்யுள்.

கணக்கு டீச்சர் ஓய்வுபெறுவதற்கு முன்பே குரல் போய், கடைசி இரண்டு வருஷம் கரும்பலகையில் எழுதியே பாடம் நடத்தினார். நாங்கள் அதை வயசுக் கோளாறு என்று நினைத்தோம். இப்போது வேலையில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். சின்ன மைக் ஒன்று இடுப்பில் கட்டிக்கொள்கிற மாதிரி கடையில் கிடைக்கிறது. வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்த விடைத்தாள். தம்பி, "இரண்டும் ஒன்றுதான்" என்று நீ எழுதியது தப்பு, இன்றைக்குத் திருத்தினாலும் அந்த வரியை அடிப்பேன். அதற்கு முந்தின வரி சரி. அதற்கு மார்க் போட்டிருக்க வேண்டும், அது பாடப்புத்தகத்தில் இல்லை என்பதற்காகவே கூடுதலாகப் போட்டிருக்க வேண்டும். நீ அதைப் புத்தகத்தில் படித்து எழுதவில்லை, திடலில் உட்கார்ந்து கேட்டு எழுதினாய். உன்னை நிற்க வைத்து வகுப்பைச் சிரிக்க வைத்ததற்கு, அன்றைக்குச் சிரித்த அத்தனை பேரும் படிக்கிற இந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்கிறேன்.

அப்பா எத்தனை கட்டையில் பாடுவார் என்று அன்றைக்கே உன்னைக் கேட்டிருக்கலாம். இப்போது கேட்கிறேன். நேரம் கிடைக்கும்போது சொல்லு. டாக்டர் இன்னும் பேச அனுமதிக்கவில்லை, அதனால் போன் வேண்டாம், எழுது.